கிளிஞ்சலும் வெள்ளியும்

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, மேற்குத் தொடர்ச்சி மலை விலகி வழிவிடும் கணவாயில் வாளையாரை அடைகிறது. தமிழகம் முடிந்து கேரளம் தொடங்கும் இடம் அது. பல பத்தாண்டுகளாக இங்கு வந்து நின்ற லாரிகள் யாவற்றிடமும் ஒரே கேள்விதான் கேட்கப்பட்டு வந்தது: ‘உள்ளே என்ன இருக்கிறது?’ 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின் வணிகவரிச் சோதனைச் சாவடி தன் பழைய வேலையை இழந்தது. கேள்வி மட்டும் பழையதாகிவிடவில்லை.

ஒரு காட்சியை மனத்தில் அமைத்துப் பார்க்கலாம். கோவைப் பக்கமிருந்து வரும் திறந்த லாரி ஒன்று வாளையாரில் தேநீருக்காக நிற்கிறது. அதன்மேல் தார்ப்பாய் போர்த்திய ஏதோ ஒன்று இருக்கிறது. கணவாய்க் காற்றில் தார்ப்பாயின் ஒரு முனை அவிழ்ந்து விலகுகிறது. உள்ளே நீல நிறத்தில், நீண்ட முகமும் திரண்ட சக்கர வளைவுகளும் கொண்ட, கூரையற்ற ஒரு பந்தயக் கார். அறுபது ஆண்டுகளுக்கு முந்திய வடிவம். முதல் நாள்தான் அதை விலைக்கு வாங்கியவர், லாரியின் பின்னாலேயே தம் அன்றாடக் காரில் வந்து இறங்குகிறார். பாலக்காட்டுப் புறத்திலுள்ள தம் தோட்டத்துக்கு அதைக் கொண்டு செல்கிறார். பேருந்துக்காக நின்றிருந்த பள்ளிச் சிறுவன் ஒருவன் ஓடிவந்து அண்ணாந்து பார்க்கிறான்.

“ஏனுங்க, இது ஒரிஜினலுங்களா?”

வாங்கியவருக்கு உண்மை தெரியும். அது பிரதி. புகழ்பெற்ற ஒரு வண்டியின் உருவத்தைப் பார்த்து, பிற்காலத்தில், வேறு கைகள் செய்தது. விற்றவர் அதை மறைக்கவில்லை. இவரும் பிரதிக்குரிய விலையைத்தான் கொடுத்தார். கேட்பவனோ முன்பின் தெரியாத சிறுவன். ‘ஆமாம்’ என்று சொல்லிவிட்டால் எவருக்கும் ஒரு காசு நஷ்டமில்லை. சொல்லக்கூட வேண்டியதில்லை; புன்னகையோடு தலையைச் சற்றே அசைத்தால் போதும். அப்படி அசைப்பதில் என்ன தவறு இருக்க முடியும்?

மிகச் சிறிய கேள்விதான். ஆயினும் சத்தியத்தைப் பற்றிய பெரிய கேள்விகள் பலவும் இத்தகைய சிறிய இடங்களில்தான் மனிதனைச் சந்திக்கின்றன.

மூலம் என்பது எது?

உலகில் மிக அதிகமாகப் பிரதி செய்யப்பட்ட பந்தயக் கார்களுள் ஒன்று ‘கோப்ரா’. டெக்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த கரோல் ஷெல்பி என்ற பந்தய வீரர், இங்கிலாந்தின் ஏ.சி. நிறுவனம் செய்துவந்த ‘ஏஸ்’ என்ற இலேசான காரினுள் ஃபோர்டு நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் என்ஜினைப் பொருத்தி 1962-ல் அதை உருவாக்கினார். 1960-களில் செய்யப்பட்டவை சுமார் ஆயிரம் மட்டுமே. அவற்றைப் பார்த்துப் பின்னர் பலரும் செய்த பிரதிகள் பல்லாயிரம். மூலத்தின் உடல் அலுமினியம். பிரதிகளின் உடல் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். முதன்முதலில் செய்யப்பட்ட கோப்ரா 2016 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்தபோது 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது. அன்றைய மதிப்பில் தொண்ணூறு கோடி ரூபாய்க்கும் மேல். நல்ல பிரதி ஒன்றின் விலை அதில் ஒரு சிறு துளி.

அந்த முதல் வண்டியைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. பத்திரிகையாளர்கள் ஓட்டிப் பார்க்க வந்த நாட்களில் ஷெல்பியிடம் இருந்தது அந்த ஒரே வண்டி. ஒவ்வொரு பத்திரிகைக்கும் கொடுக்கும் முன்பு அதற்கு வேறு வேறு வண்ணம் பூசினார்கள். பல வண்டிகள் தயாராகி வருகின்றன என்று உலகம் எண்ண வேண்டும் என்பதே நோக்கம். பிரதிகள் ஒன்றுகூடப் பிறவாத காலத்தில், மூலமே பலவாக வேடம் தரித்தது! 1990-களின் தொடக்கத்தில் அதே ஷெல்பி, 1960-களில் ஒதுக்கப்பட்டுப் பயன்படாமல் எஞ்சிய வரிசை எண்களைத் தாங்கிய சில வண்டிகளை வெளிக்கொணர்ந்தபோது, அவற்றின் சட்டகங்கள் பழையவை அல்ல, புதிதாகச் செய்யப்பட்டவையே என்பது பின்னர் வெளியாகிப் பெரும் சர்ச்சையாயிற்று. ஆக, மூலத்தைச் செய்தவரின் கையிலேயே மூலம் எது என்ற கேள்வி வழுக்கி விழுந்தது.

நம் நாட்டில் இத்தகைய வண்டிகளுக்கு வேறொரு நிலைமை உண்டு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில், தயாரிப்பாளர் குறித்த அடிப்படை அமைப்புக்கு மாறாக ஒரு வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து மேல்முறையீடாகச் சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. 2021-ல் வந்த விதிகளோ, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து, பெரிய மாற்றம் இன்றி மூல வடிவிலேயே பேணப்பட்ட வண்டிகளுக்குத் தனிப் பதிவும் தனி எண் வரிசையும் தந்தன. பிரதிக்கு அந்த வரிசையில் இடமில்லை. இடுக்கி மாவட்டத்து இளைஞர் ஒருவர் மோட்டார் சைக்கிள் என்ஜினை வைத்து லம்போர்கினி காரின் உருவத்தைத் தம் கையாலேயே அமைத்தது சில ஆண்டுகளுக்கு முன் செய்தித்தாள்களில் வந்தது, பார்த்தவர்கள் வியந்தார்கள். வியப்பு வேறு, சாலையில் ஓடும் உரிமை வேறு. நமது காட்சியில் கார் லாரியின்மீது ஏறி வருவதன் காரணமும் இதுவே. ஓடுவதற்காகவே பிறந்த வடிவம், ஓட முடியாமல் சுமக்கப்பட்டு வருகிறது.

பிழை எங்கே இருக்கிறது?

‘போலி’ என்ற சொல்லைக் கேட்டதும் நாம் முகம் சுளிக்கிறோம். அச்சொல்லோ ‘போல’ என்பதிலிருந்து வந்த ஒன்று. ஒத்திருப்பது என்பதற்கு மேல் அதில் பழி ஏதும் இல்லை. பந்தல் என்பதைப் பந்தர் என்றும், அறம் என்பதை அறன் என்றும் எழுதினால் இலக்கண நூலார் அதைக் கடைப்போலி என்று சொல்லி இடம் தந்து ஏற்றுக்கொள்கிறார்கள். பொருள் மாறவில்லை, யாரும் ஏமாறவில்லை. பின் எந்த இடத்தில் இச்சொல் இழிவடைந்தது?

சிதம்பரத்துக் கவரிங் நகையை எடுத்துக்கொள்ளலாம். திருடர் பயத்தால் தங்கச் சங்கிலியைப் பெட்டகத்தில் வைத்துவிட்டு, கவரிங் சங்கிலி அணிந்து ரயிலேறும் பெண்மணியை யாரும் பொய்யர் என்று சொல்வதில்லை. வசதியற்ற தாய் ஒருத்தி மகளின் கழுத்து வெறுமையாக இருக்கக் கூடாதென்று அதை அணிவித்தால் அதில் அன்பே தெரிகிறது. அதே சங்கிலியை அடகுக் கடையில் தங்கமென்று வைத்தால் அது குற்றம். சங்கிலி ஒன்றுதான், முலாமும் ஒன்றுதான். குற்றம் சங்கிலிக்குள் எங்கும் இல்லை.

வேதாந்த நூல்கள் திரும்பத் திரும்ப எடுத்தாளும் கிளிஞ்சலும் வெள்ளியும் என்ற உவமை இங்கே துணை செய்கிறது. கடற்கரையில் கிடக்கும் கிளிஞ்சலைத் தூரத்திலிருந்து பார்ப்பவன் வெள்ளி என்று மயங்கி ஓடுகிறான். கிளிஞ்சல் ‘நான் வெள்ளி’ என்று சொல்லவில்லை. அது பளபளக்கிறது, அவ்வளவே. முன்பு எங்கோ கண்ட வெள்ளியின் நினைவும், உள்ளே இருக்கும் ஆசையும் சேர்ந்து கிளிஞ்சலின்மீது வெள்ளியை ஏற்றுகின்றன. குனிந்து எடுத்ததும் மயக்கம் போகிறது. கிளிஞ்சல் கிளிஞ்சலாகவே இருக்கிறது, முன்பும் அப்படியே இருந்தது.

ஆனால் இந்த உவமையில் இடம்பெறாத ஒருவர் நமது காட்சியில் இருக்கிறார். கிளிஞ்சலைக் கையில் வைத்துக்கொண்டு, அது கிளிஞ்சல் என்று நன்கு அறிந்தும், வெள்ளி என்று மயங்குபவனின் கண்களில் தோன்றும் வியப்பை அருந்துபவர் அவர். அவர் மயங்கவில்லை. பொய்யும் சொல்லவில்லை. மற்றவனது மயக்கத்தில் ஒரு பங்கு பெற்றுக்கொள்கிறார்.

அந்தப் பங்கு யாருடையது? அழகிய வடிவம் ஒன்றை விரும்பி அதன் பிரதியை வாங்குவதில் குறை காண இயலாது. அந்த வளைவுகளின் அழகு பிரதியிலும் உண்மையான அழகே. ஆயின் ‘ஒரிஜினலா?’ என்று கேட்கும் சிறுவனின் வியப்பு அழகுக்கு மட்டும் உரியதன்று. அந்தக் காலத்தில் அதைச் செய்தவர்கள், உயிரைப் பணயம் வைத்துப் பந்தயத்தில் அதை ஓட்டியவர்கள், இத்தனை ஆண்டுகள் சிதையாமல் அதைக் காத்தவர்கள் ஆகியோரை நோக்கிச் செல்லும் மதிப்பு அது. முகவரி மாறி வந்த கடிதம் போன்றது. அதைப் பிரித்துத் தமக்கு வந்ததுபோல் படிப்பவர் எதையும் திருடவில்லை என்று வாதிடலாம். கடிதம் தாமாகவே வந்ததல்லவா என்றும் கேட்கலாம். யோக நூல் சத்தியத்தை அடுத்துக் கள்ளாமையை வைத்திருப்பது தற்செயலாக இருக்க முடியாது.

சத்தியத்தை விளக்கும் இடத்தில் யோக சூத்திரத்தின் வியாச பாஷ்யம் ஒரு கூர்மையான அளவுகோலைத் தருகிறது. ஒருவன் பேசுவது தான் அறிந்ததைப் பிறனுக்குள் சேர்ப்பதற்காக. அந்தப் பேச்சு ஏமாற்றுவதாகவோ மயக்குவதாகவோ பயனற்றதாகவோ இருத்தல் கூடாது. சொல் சரியாக இருந்ததா என்பதோடு கேள்வி முடிவதில்லை. கேட்டவன் மனத்தில் என்ன சென்று சேர்ந்தது என்பதும் சேர்ந்தே பார்க்கப்படுகிறது. இதற்கு உரை எழுதிய வாசஸ்பதி மிசிரர் எடுத்துக்காட்டாகக் கொண்டு வருவது வேறு யாரையும் அல்ல, தருமபுத்திரரையே.

அஸ்வத்தாமன் என்ற யானை கொல்லப்பட்டது. மகன் இறந்துவிட்டானோ என்று துரோணர் தவிக்கிறார். பொய் பேசாதவர் என்று நம்பி யுதிஷ்டிரரிடம் கேட்கிறார். யுதிஷ்டிரர் ‘அஸ்வத்தாமன் இறந்தான்’ என்று உரக்கச் சொல்லி, ‘யானை’ என்ற சொல்லைக் காதில் விழாதபடி மெல்லச் சேர்த்துக்கொள்கிறார். ஒவ்வொரு சொல்லாக நிறுத்துப் பார்த்தால் அதில் பொய் இல்லை. ஆனால் துரோணரின் நெஞ்சில் சென்று சேர்ந்தது பொய். அதுவரை தரையில் படாமல் நான்கு விரற்கடை உயரத்தில் சென்றுகொண்டிருந்த யுதிஷ்டிரரின் தேர் அந்தக் கணத்தில் நிலத்தைத் தொட்டது என்று பாரதம் கூறுகிறது.

தேர் உடையவில்லை, வேகம் குறையவில்லை. மற்றவர்களின் தேர்கள் எல்லாம் எப்போதும் தரையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. இதுவும் அவற்றைப் போல ஆயிற்று. களத்தில் அதைக் கவனித்தவர்கள்கூட அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். தேரில் இருந்தவருக்குத் தெரியும்.

புன்னகையோடு தலையசைப்பவரின் நிலை இதைவிட எளியது என்று சொல்லலாம். அங்கே ஓர் ஆசாரியரின் உயிர் போயிற்று, இங்கே ஒரு சிறுவனுக்குச் சற்று மகிழ்ச்சிதானே என்று. உண்மைதான். விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. ஆனால் யுதிஷ்டிரருக்காவது ஒரு போரின் நெருக்கடி இருந்தது. இங்கே நெருக்கடி எதுவும் இல்லை. ஒரு சிறுவனின் கண்ணில் சில கணங்கள் பெரியவராகத் தெரிவதற்காக மட்டுமே உண்மை விற்கப்படுகிறது. விலை எவ்வளவு மலிவோ, விற்றவரைப் பற்றி அது அவ்வளவு அதிகமாகச் சொல்கிறது.

அவனே இந்தத் தேவதத்தன்

ஒரு மறுப்பு எழலாம். மூலம், பிரதி என்ற வேறுபாடே மனிதர்களின் கற்பனை. பொருள்கள் யாவும் பாகங்களின் கூட்டம். அப்படியிருக்க எது உண்மை, எது போலி?

இந்த மறுப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று பெயர்பெற்ற ஒரு பென்ட்லி கார் 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் பிரான்சின் லெ மான் பந்தயத்தில் வென்றது. பின்னர் அதன் சட்டகம் மாறியது, என்ஜின் மாறியது. 1932-ல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் களத்தில் நேர்ந்த விபத்தில் ஓட்டியவர் உயிரிழந்தார். அதன்பின் உடலும் மாறியது. 1990-ல் அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், ‘இது அந்தக் கார் அல்ல’ என்று சொல்லிப் பின்வாங்கியது. வழக்கு இங்கிலாந்து உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 1929-ல் வென்ற வண்டியின் பாகம் என்று உறுதியாகக் காட்டக்கூடியது அதில் ஏறத்தாழ எதுவும் இல்லை. ஆயினும் நீதிபதி, இடையறாத வரலாறு அதற்கு உண்டு, எந்த நிலையிலும் அது மறைந்து வேறொன்று அதன் இடத்தில் வைக்கப்படவில்லை, எனவே அந்தப் பெயருக்கு அதுவே உரியது என்று தீர்ப்பளித்தார்.

இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் மிலிந்த அரசனிடம் பௌத்தத் துறவி நாகசேனர் கேட்டதும் இதையே. அச்சு தேரா, சக்கரம் தேரா, நுகம் தேரா? ஒன்றுமில்லை எனில் தேர் எங்கே? பாகங்களைச் சார்ந்து எழுந்த ஒரு பெயரே தேர், மனிதனும் அவ்வாறே என்பது நாகசேனரின் முடிவு.

ஷெல்பியின் வாழ்க்கையில் இதற்கு ஒரு விசித்திரமான விளக்கம் கிடைக்கிறது. 1990-ல் அவருக்கு வேறொருவரின் இதயம் பொருத்தப்பட்டது. 1996-ல் அவருடைய மகனின் சிறுநீரகம் பொருத்தப்பட்டது. 2012-ல் அவர் மறைந்தபோது, கோப்ராவைச் செய்தவரே மறைந்தார் என்றுதான் உலகம் எழுதியது. பாகம் மாறிய ஷெல்பி என்று எவரும் எழுதவில்லை.

இங்கேதான் ஆதிசங்கரர் பிரம்ம சூத்திர பாஷ்யத்தில் செய்யும் ஒரு நுட்பமான வேறுபாடு உதவுகிறது. ‘இது அதைப் போன்றது’ என்ற அறிவு வேறு. ‘இது அதுவே’ என்ற அறிவு வேறு. வெளிப்பொருள்களைக் குறித்து ஒற்றுமையைக் கண்டு ‘அதுவே’ என்று தவறாக எண்ணிவிடக் கூடும். ஆனால் நேற்றுக் கண்டவனும் இன்று நினைப்பவனும் நானே என்ற விஷயத்தில், ‘நேற்றிருந்தவனைப் போன்ற ஒருவன் நான்’ என்று எவனும் ஐயுறுவதில்லை. ‘அவனே இந்தத் தேவதத்தன்’ என்று வேதாந்திகள் சொல்லும் உதாரணத்திலும் ஊர், வயது, உடை எல்லாம் மாறியபின் எஞ்சும் ஒன்றைத்தான் தேடுகிறார்கள். கார்களுக்கு அப்படி எஞ்சும் ஒன்று கிடையாது. நாகசேனரின் வாதம் தேரைப் பொறுத்தவரை முழுதும் செல்லும். தேரில் அமர்ந்திருப்பவனைப் பொறுத்தவரைதான் வேதாந்தி அதற்கு உடன்படுவதில்லை.

அதனால் மூலத்துக்கும் பிரதிக்கும் வேறுபாடே இல்லை என்று ஆகிவிடுமா? உலக வழக்கில் வேறுபாடு முழுமையாக நிற்கிறது. பென்ட்லிக்கு இடையறாத வரலாறு இருந்தது, பிரதிக்கு இல்லை. மூலம் என்று சொல்லிப் பிரதியை விற்றவன், பிடிபட்டதும் ‘எல்லாம் மாயைதானே’ என்று சொன்னால் யாரும் ஒப்ப மாட்டார்கள். பணம் வாங்கும்போது துவைதியாகவும் திருப்பித் தரும்போது அத்வைதியாகவும் இருப்பவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

இந்த விசாரணை தொடுவது விலையை அல்ல, உடைமையாளரை. மிதாட்சரத்தை எழுதிய விஞ்ஞானேசுவரர், உடைமை என்பது சாஸ்திரம் உண்டாக்கியதன்று, உலக வழக்கில் தோன்றியதே என்று வாதிட்டார். ஒரு கையெழுத்தில் அது வருகிறது, இன்னொரு கையெழுத்தில் போகிறது. தொண்ணூறு கோடி கொடுத்து முதல் கோப்ராவை வாங்கியவர்கூட, அதை ஓட்டியவர்களின் துணிவையோ செய்தவர்களின் கைத்திறனையோ வாங்கவில்லை. அவை விற்பனைக்கு வரவே இல்லை. அந்த வகையில் அவரும் தார்ப்பாயின் அருகில் நிற்பவரும் ஒரே நிலையில்தான் இருக்கிறார்கள். கடோபநிஷதம் உடலைத் தேர் என்றும் ஆன்மாவைத் தேருக்கு உடையவன் என்றும் சொல்லும்போது, தேர் எத்தகையது என்று ஒரு சொல்லும் விவரிக்கவில்லை. குதிரைகள் அடங்கியவையா, சாரதி விழித்திருக்கிறானா என்பதையே கேட்கிறது.

சிறுவன் இன்னும் நின்றுகொண்டிருக்கிறான்.

“இல்லை தம்பி. ஒரிஜினல் வெளிநாட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து அதைப் போலவே செய்தது இது” என்று வாங்கியவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். சிறுவனின் முகம் வாடும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவனோ லாரியின் சக்கரத்தில் ஒரு காலை ஊன்றி எட்டிப் பார்க்கிறான்.

“பார்த்தே இப்படிச் செஞ்சுட்டாங்களா? யாருங்க செஞ்சது?”

அதை அவர் விற்றவரிடம் கேட்டிருக்கவில்லை. என்ஜின் எது, சட்டகம் எந்த எஃகு, வண்ணம் எத்தனை பூச்சு என்றெல்லாம் கேட்டறிந்தவர், செய்த கைகள் யாருடையவை என்று கேட்க மறந்திருந்தார். பேருந்து வந்துவிடுகிறது. சிறுவன் ஓடுகிறான். லாரி ஓட்டுநர் தார்ப்பாயை இழுத்துக் கயிற்றை முடிகிறார். வாங்கியவர் கைப்பேசியை எடுத்து, விற்றவரின் எண்ணைத் தேடுகிறார்.